ஒரு ஆளுக்கு அளவு

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும். எழில் இல்லையே. காலேஜுக்குப் போயிருக்கா, ஒண்ணரைக்கு வந்துடுவா. கம்ப்யூட்டர் லேப்ல இருக்கா, காலை ஷிப்ட். ஓ, அவ இல்லாத நேரமாப் பார்த்துத்தான் வந்தீங்களா? கரூர்லேர்ந்தா? மாப்பிள்ளைக்கு அக்காவா? சரி சரி. நல்ல பழக்கம்தான். சொல்லிட்டு வந்தா வீட்டக் கழுவி வெச்சிருப்போம். சொல்லாம வந்தாத்தான் வீடு எப்படின்னு தெரியும். நான் அவ மாமனார், ராஜமாணிக்கம். கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்திரண்டு வருஷம்.

உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், இதுல உட்காருங்க. அது ஆடும். ஆடாது, ஆனா வேணாம்.

வாசனையா? அடுப்புல ஒண்ணும் இல்லம்மா. மேடை மேல கறுப்பா ஒரு பானை இருக்கு பாருங்க, முட்டை வடிவத்துல, அதுலேர்ந்து வருது. ஸ்லோ குக்கர். குக்கர்னா விசில் அடிக்கும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க, அடிக்காது. எழுந்து போய்த் திறந்துடாதீங்க. ஒரு தடவை மூடியத் திறந்தா உள்ள இருக்கற சூடு அத்தனையும் போயிடும், மறுபடி ஏற அரை மணி நேரம். எழில் சீட்டுல எழுதி ஒட்டியிருக்கா, மூணாவது வரி. காலைல ஏழு மணிக்குப் போட்டேன். ஒரு மணிக்குச் சத்தம் கொடுக்கும்.

உங்க கேள்வி எனக்குப் புரியுதும்மா. எழிலரசியோட அம்மா நாமக்கல்லேர்ந்து ஃபோன் பண்ணினாங்க. உங்க தம்பி திருமூர்த்தி விஷயமாச் சொன்னாங்க. அவரும் முதல் கல்யாணத்துல ஒரு தடவை அடிபட்டு வந்தவர்னு சொன்னாங்க. எழில் என்ன சொன்னாளாம்? எங்க மாமா சரின்னா எனக்குச் சரின்னாளாம். அதனால நான் என்ன சொல்றேன்னு கேட்டுட்டுப் போக வந்திருக்கீங்க. சொல்றேன். சொல்லாம எங்க போயிடப்போறேன். முதல்ல தண்ணி குடிங்க.

உள்ள என்னன்னு கேட்டீங்கல்ல, பீட்சா. பீட்சான்னா வட்டமா ரொட்டி மாதிரி இருக்கும்னுதான் நானும் நினைச்சேன். இதுல ரொட்டியே கிடையாது. ரொட்டிக்குப் பதிலா பாஸ்தா, திருகு திருகா இருக்குமே, அதப் பாதி வேக வெச்சு அடில பரப்பணும். மேல தக்காளியும் பூண்டும் வதக்கின சாறு. அதுக்கு மேல கொத்துக்கறி, கோழி. அப்புறம் குடைமிளகாய், வெங்காயம். அப்புறம் சீஸத் துருவித் தூவணும். மறுபடி பாஸ்தா, மறுபடி சாறு, மறுபடி கறி. ரெண்டு அடுக்கு. கடைசியில சீஸ் கொஞ்சம் தாராளமா. கிண்டக் கூடாது. அதான் எனக்குக் கஷ்டம். நம்ம சமையல்ல கிண்டாம எதும்மா ஆகுது? இதுல கையக் கட்டிக்கிட்டு உட்காரணும்.

இதுக்குக் கீழ ஒரு இரும்புப் பெட்டி இருக்கே, அது நான் சொல்லிச் செஞ்ச டிரான்ஸ்ஃபார்மர். இந்தப் பானை அமெரிக்காவுலேர்ந்து வந்தது. அங்க நூத்திப்பத்து வோல்ட், இங்க இருநூத்தி முப்பது. நேராச் சொருகினா புகைஞ்சிடும். வோல்டேஜ நான் சரி பண்ணிட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் என்னால மாத்த முடியல. அங்க கரண்ட் ஒரு செகண்டுக்கு அறுபது தடவை துடிக்கும், இங்க அம்பது தடவைதான். இதோட கடிகாரம் அந்தத் துடிப்ப எண்ணித்தான் நேரம் பார்க்குது. அதனால மெதுவா ஓடுது. அஞ்சு மணி நேரம்னு வெச்சா, நம்ம கடிகாரத்துல ஆறு மணி நேரம். அது இன்னும் அமெரிக்காவுல இருக்கறதாத்தான் நினைச்சுக்கிட்டிருக்கு. எழில்கிட்ட இதப் பல தடவை சொல்லியிருக்கேன். சிரிப்பா. நம்பல. மாமா ஏதோ கதை விடறாருன்னு நினைச்சுக்கிட்டா போல.

பரிதிதான் வாங்கினது. என் பையன், இளம்பரிதி. எங்க வீட்டம்மா அவன் காலேஜ் படிக்கும்போதே போயிட்டா, அப்புறம் நானும் அவனும்தான். கல்யாணம் ஆகி ரெண்டு பேரும் அங்க நாலு வருஷம் இருந்தாங்க. வெள்ளிக்கிழமையானா காலைல இதப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவாங்களாம். சாயங்காலம் வந்தா சூடா இருக்கும், வெந்ததும் அதுவே சூட்டுல வெச்சுக்கும். அந்த வெள்ளிக்கிழமையும் போட்டுட்டுத்தான் போயிருக்காங்க. ஆபீஸ்ல நெஞ்சு வலின்னு உட்கார்ந்தானாம். முப்பத்தி நாலு வயசு. மறுநாள் காலைல எழில் அவன் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருக்கா. இது அப்பவும் சூடா இருந்துச்சாம். கொட்டிட்டியாம்மான்னு ஒரு தடவை கேட்டேன். "இல்ல மாமா, சாப்பிட்டேன். பசிச்சுது"ன்னா. நின்னுக்கிட்டே சாப்பிட்டாளாம்.

எனக்கு ஃபோன் வந்தப்போ நான் மீட்டர் பெட்டியத் திறந்து ரீடிங் பார்த்துக்கிட்டிருந்தேன். ரிட்டயர் ஆனாலும் அந்தப் பழக்கம் போகல. யாரோ ஒரு பையன், அவன் கூட வேலை பார்த்தவன், தமிழ்லதான் பேசினான். சொன்னான். நான் சரின்னேன். ஃபோன வெச்சேன். அப்புறம் ரீடிங்க எழுதி முடிச்சேன். நாலாயிரத்து முந்நூத்திப் பதினேழு.

நான் அழலம்மா. அவனப் பெட்டியில கொண்டுவந்தப்பவும் அழல. தெருவுல கல்லு மனசுக்காரன்னாங்க, என் காதுபடவே. கல்லெல்லாம் இல்ல. எனக்கு ஒண்ணும் தோணல, அவ்வளவுதான். ரெண்டரை வருஷமாச்சு, இப்பவும் தோணல. கரண்ட் போன வீட்ல சுவிட்ச் எல்லாம் அதது இடத்துலதான் இருக்கும், போட்டா ஒண்ணும் எரியாது. அப்படி இருக்கு. நல்லாத் தூங்கறேன், நல்லாச் சாப்பிடறேன். சுகர்கூட நூத்தி நாப்பதத் தாண்டல.

என்னம்மா? ஆமா, என் சம்மதம். சொல்றேன். ஒரு நிமிஷம் இருங்க, அது சரியா வேகுதான்னு பார்த்துட்டு வந்துடறேன்.

...ம், இன்னும் வேகல. சீஸ் உருகியிருக்கு, ஓரம் சிவக்கல. திறக்கக் கூடாதுன்னு நானேதான் சொன்னேன், என்ன பண்றது, கை சும்மா இருக்க மாட்டேங்குது. இனி அரை மணி நேரம் கூடும். ஒண்ணரை ஆயிடும். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?

எழில் ரெண்டு பெட்டியோட வந்து இறங்கினா. அவங்கம்மா நாமக்கல்லுக்குக் கூப்பிட்டாங்க, அண்ணன் வந்து கூப்பிட்டான். "மாமா தனியா இருக்காங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டா. அது ஒரு சாக்கு. பாவம், அண்ணன் வீட்ல போய் எப்படி இருப்பா? என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா? அதனால நானும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஒரு பெட்டியத் திறந்தா, பரிதியோட ஸ்வெட்டர் நாலுல சுத்தி இந்தப் பானை. துணிமணியக்கூட அங்க விட்டுட்டு வந்தவ, இதத் தூக்கிட்டு வந்திருக்கா. மூணு மாசம் அது பரண்ல இருந்துச்சு. அவ சரியாச் சாப்பிடல. நான் வெச்ச ரசத்த எவ சாப்பிடுவா. அப்புறம் ஒருநாள் நான்தான் இறக்கி, டிரான்ஸ்ஃபார்மர் செஞ்சு, இது எப்படி போடறதுன்னு கேட்டேன். உட்கார்ந்து எழுதிக் கொடுத்தா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு.

முதல் தடவை நான் செஞ்சப்போ ஒரு வேலை பண்ணினேன். கோழிக்கறி சப்புன்னு இருக்குமேன்னு அரை ஸ்பூன் சோம்பத் தட்டிப் போட்டேன். சீட்டுல அது இல்ல. எழில் ஒரு வாய் வெச்சா. "அவர் வாங்குற சாசேஜ் மாதிரியே இருக்கு மாமா"ன்னா. சாசேஜ்னா அங்க பீட்சாவுல போடற கறி, அதுலயும் சோம்பு உண்டாம். அப்புறம் தட்ட வெச்சுட்டு எழுந்து ரூமுக்குப் போயிட்டா. அரை மணி நேரம் வரல. உப்புக் கூடிப்போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா வந்து மிச்சத்தையும் சாப்பிட்டா. அதுலேர்ந்து சோம்பு போட்டுட்டுதான் இருக்கேன். அவளும் ஒண்ணும் சொல்லல.

பொண்ணு எப்படின்னுதானே கேக்கறீங்க? குறையே கிடையாது. ஒண்ணே ஒண்ணு, சும்மா இருக்கத் தெரியாது. இப்ப ஒரு ஆறு மாசமாப் பாருங்க, வீடு பூரா சீட்டு ஒட்டிக்கிட்டிருக்கா. வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டன மொதல்ல அழுத்தணும். கேஸ் புக் பண்ற நம்பர். மாத்திரை டப்பாவுல திங்கள், செவ்வாய். மெயின் சுவிட்ச் பெட்டி மேலகூட, எந்த ஃபியூஸ் எந்த ரூமுக்குன்னு. முப்பத்திரண்டு வருஷம் கம்பத்துல ஏறினவன், எனக்கே சீட்டு! ஞாயித்துக்கிழமையானா என்னை உட்கார வெச்சுத் தோசை சுடச் சொல்றா, சாம்பார் வெக்கச் சொல்றா. அவ தள்ளி நின்னு பார்ப்பா, கை வெக்க மாட்டா. ஏதாவது செஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் அவளுக்கு மனசு நிக்கும் போல. நான் அவ சந்தோஷத்துக்காகத்தான் எல்லாத்துக்கும் தலையாட்டறேன்.

போன வாரம் ஃப்ரிட்ஜ்ல புதுசா ஒண்ணு ஒட்டினா. தலைப்பு மட்டும் பெரிசா எழுதியிருக்கா, ஒரு ஆளுக்கு அளவுன்னு. எதுக்குன்னு தெரியல. டயட் கியட் இருக்கப்போறாளோ என்னவோ. பொடி எழுத்து, கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும். இன்னும் படிக்கல.

புதுக்கோட்டைக்காரங்களா? அவங்க வந்துட்டுப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? சொந்தமா? உலகம் சின்னதுதான். ஆமா, நாலு மாசம் முன்னால எழிலப் பொண்ணு கேட்டு வந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. அன்னிக்குன்னு பாருங்க, மாசாந்திரப் பராமரிப்பு. காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் கரண்ட் கட். நான் ஏழு மணிக்கு இதப் போட்டுட்டேன். ஒன்பதுக்கு நின்னுபோச்சு. வந்தவங்க சாப்பிட்டுத்தான் போகணும்னு நான்தான் பிடிச்சு உட்கார வெச்சேன். திறந்தா பாஸ்தா மாவா இருக்கு, கறி பச்சை வாடை. அதுவும் வெள்ளிக்கிழமையாப் போச்சா, கோழின்னதும் அந்தம்மா முந்தானையால மூக்க மூடிக்கிட்டாங்க. எனக்கு வெள்ளியும் ஒண்ணுதான் செவ்வாயும் ஒண்ணுதான், நான் யூனியன்காரன், ஞாபகமே இல்ல. ஷட்டவுனா? சத்தியமா மறந்துட்டேம்மா. முப்பத்திரண்டு வருஷத்துல நான் ஒரு ஷட்டவுன மறந்ததில்ல. ஊருக்கே சொல்றது நான்தான். அன்னிக்கு மறந்துட்டேன். மனுஷன்தானே.

வேற ஒண்ணும் தப்பாச் சொல்லல. பொண்ணு எப்படின்னு கேட்டாங்க, தங்கம்னேன். மறந்துட்டாளான்னு கேட்டாங்க. உள்ளதச் சொன்னேன். இன்னும் பீட்சாவ மூணு பங்காத்தான் வெட்டறா, ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு பரிதிக்குன்னு. அவ்வளவுதான் சொன்னேன். ஒருத்தருக்கொருத்தர் முகத்தப் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் ஃபோன் வரல. எழில் எதுவும் கேக்கல. நானும் சொல்லல.

மறந்துட்டாளான்னுதான் நீங்களும் கேக்கறீங்களா? இருங்க, அதுல தண்ணி விட்டுடுச்சான்னு ஒரு...

சரி. சரிம்மா. உட்கார்றேன். திறக்கல.

இல்ல, நீங்க எழுந்திருக்க வேணாம், தண்ணி நான் எடுத்துத் தர்றேன். சரி, எடுத்துக்கோங்க, ஃப்ரிட்ஜ் அங்கதான். ஆமா, அதுதான் நான் சொன்ன சீட்டு. படிங்களேன். என் கண்ணாடி எங்கயோ இருக்கு. இல்ல, சட்டைப் பையிலதான் இருக்கு, நீங்களே படிங்க.

ம். பாஸ்தா ஒரு கைப்பிடி. தக்காளி ரெண்டு. கறி நூறு கிராம், ம். சீஸ் ரெண்டு ஸ்பூன், கொலஸ்ட்ரால் இருக்கு, அதுக்கு மேல கூடாது. யாருக்குக் கொலஸ்ட்ரால்? அவளுக்கு ஏது. எனக்குத்தான். ம், படிங்க. என்ன? இன்னொரு தடவை. "நேரம் ரெண்டரைன்னு வைங்க. அம்பது சைக்கிள் கணக்குல மூணு மணி நேரத்துல நிக்கும்." அப்படியா எழுதியிருக்கா? அப்ப நம்பியிருக்கா. சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்திருக்கா.

அவ்வளவுதானா? கீழ ஒரு வரி இருக்கா. சொல்லுங்க.

"சோம்பு போட மறந்துடாதீங்க மாமா."

ம்.

ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். காரம் இல்லாத வெங்காயம்தான், ஆனாலும் காலைல நறுக்கினது இப்பத்தான் கண்ணுல எரியுது.

ஆறு மாசமா அவ எனக்கு வீட்ட ஒப்படைச்சுக்கிட்டிருந்திருக்கா. நான் என்னன்னா, அவளுக்குப் பொழுது போகலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நான்தான் அவளுக்குச் சமைச்சுப் போடறேன், நான் இல்லேன்னா அவ பட்டினின்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். அவ நாமக்கல் போகாதது அண்ணனுக்காக இல்லம்மா. எனக்காக. நான் ஒரு ஆளா இருக்கக் கத்துக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்கா. நான் கத்துக்கவே இல்லங்கற மாதிரி போன வாரம்கூடத் தோசையத் தீய விட்டேன்.

சத்தம் கேட்டுச்சா? அதுதான். ஒரு மணி. அரை மணி நேரம் கூட விடணும், நடுவுல நான் திறந்தேன்ல. வேணாம். போதும், வெந்திருக்கும்.

கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஆவி அடிக்கும். பாருங்க, ஓரம் சிவந்திருக்கு. வெள்ளிக்கிழமை நீங்க கோழி சாப்பிடுவீங்களா? சாப்பிடுவீங்களா! அப்ப என் பங்குல பாதி உங்களுக்கு.

ஒண்ணு சொல்லிடறேன். புதுக்கோட்டைக்காரங்ககிட்ட நான் சொன்னது பொய். மூணா வெட்டறது எழில் இல்ல. அவ ஒருநாளும் கத்தியத் தொட்டதில்ல. நான்தான் வெட்டறேன். ரெண்டு வருஷத்துக்கு மேலா வாராவாரம் நான்தான். மூணாவது பங்க ஃப்ரிட்ஜ்ல வெப்பேன். ஞாயித்துக்கிழமை அவ குளிக்கப் போகும்போது நானே நின்னுக்கிட்டுச் சாப்பிட்டுடுவேன். அவளுக்குத் தெரியும்னுதான் நினைக்கறேன். அவ பேர்ல பழியப் போட்டு அனுப்பிட்டேன். ஷட்டவுனும் எனக்கு மறக்கலம்மா. முதல் நாளே பேப்பர்ல பார்த்தேன். காலைல ஏழு மணிக்கு, ஒன்பதுக்குப் போயிடும்னு தெரிஞ்சுதான் பிளக்கச் சொருகினேன். ஏன்னு கேக்காதீங்க. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல.

இப்பவும் மூணாத்தான் வெட்டறேன், பாருங்க. கை அதுவாப் போகுது. இது எழிலுக்கு. இது நம்ம ரெண்டு பேருக்கு.

அந்த மேல் தட்டுல நீல மூடி போட்ட டப்பா இருக்கு, எடுத்துக் கொடுங்க. அதுதான். பரிதி ஆபீஸுக்குக் கொண்டுபோன டப்பா, எழில் அதையும் கொண்டுவந்தா. மூடி இறுக்கமா இருக்கும், பஸ்ல சிந்தாது. கரூர் போக ரெண்டு மணி நேரம் ஆகுமா? கெடாது. இந்த மூணாவது பங்க உங்க தம்பிகிட்டக் கொடுங்க. ஆறினத அப்படியே சாப்பிட வேணாம்னு சொல்லுங்க. கொஞ்சம் தண்ணி தெளிச்சு, மூடி போட்டுச் சூடு பண்ணணும். நடுவுல திறக்கக் கூடாது. சோம்பு போட்டிருக்குன்னு சொல்லுங்க. எழிலுக்கு அது பிடிக்கும், அவரும் தெரிஞ்சு வெச்சுக்கணும்ல.

ஸ்கூட்டி சத்தம். வந்துட்டா. சீக்கிரம் பையில வைங்க.

இல்லம்மா, டப்பாவுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. தலை தீபாவளிக்கு ரெண்டு பேரும் இங்கதானே வரணும், அப்பக் கொண்டு வந்தாப் போதும்.